நஷ்மிய்யாவின் எஞ்சினுக்குள் பெய்த மழை

நஷ்மிய்யாவின் படகு எஞ்சினுக்குள் முப்பத்தோரு வருஷமாக மழை பெய்துகொண்டிருந்தது. தொடங்கிய நாள்கூட எங்களுக்குத் தெரியும். சதுப்பு ஏரிகளை வற்ற வைக்க அரசாங்கம் கரை போடத் தொடங்கிய வருஷம், குளிர்காலத்தின் கடைசி, ஒரு செவ்வாய்க்கிழமை, நடுப்பகல் லுஹர் தொழுகைக்குச் சற்று முன்பு. அன்றைக்கு வெளியே பெய்த மழை அந்தி மஃரிபுக்குள் விட்டுவிட்டது. எஞ்சினுக்குள் மாட்டிக்கொண்ட மழை மட்டும் விடவில்லை. இரும்பில் காதை வைத்தால் நாணல் கூரையில் விழுவதுபோல ஒரே சீராகக் கேட்கும். மேகம் கூடிய நாட்களில் மெல்லிய இடியும் உண்டு. வாவி மேட்டுக்காரர்களான நாங்கள் இதைப் பெரிதுபடுத்தியதில்லை. கெளுத்தி என்ன விலை, தவிடு என்ன விலை என்கிற பேச்சுக்கு நடுவே நஷ்மிய்யா வீட்டில் இன்று இடி கொஞ்சம் அதிகம் என்றும் சொல்வோம், பிறகு டீ வரும்.

அந்த எஞ்சின் மடியில் வைத்துக்கொள்ளக்கூடிய சிறிய பெட்ரோல் எஞ்சின். நஷ்மிய்யாவின் புருஷன் மிஜ்பில் இரண்டு எருமைகளை விற்று வாங்கியது. அதன் வயிற்றை மூடும் பக்கவாட்டு மூடிக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கிற காகிதக் கேஸ்கட் கிழிந்து எண்ணெய் ஒழுக ஆரம்பித்திருந்தது. அது வெளிநாடுகள் எங்கள் நாட்டோடு வியாபாரத்தை நிறுத்தியிருந்த தடைக்காலம். தலைவலி மாத்திரையே கிடைக்காத நாட்டில் கேஸ்கட்டுக்கு எங்கே போவது? மிஜ்பில் பட்டாளத்திலிருந்து இரண்டு முறை ஓடி வந்தவன். அவனிடம் நீல நிறத்தில் தடித்த அட்டை போட்ட பட்டாளப் புத்தகம் ஒன்று இருந்தது. அதை வைத்துக்கொண்டு எங்கேயும் போக முடியாது, போனால் பிடித்துக்கொள்வார்கள். நஷ்மிய்யா அந்த அட்டையைப் பிய்த்து, எஞ்சினின் விளிம்பில் வைத்து, கரண்டியின் முதுகால் சுற்றிலும் தட்டித் தடம் எடுத்து, கத்தரிக்கோலால் அழகாக வெட்டிவிட்டாள். அதுவரைக்கும் அவள் செய்தது சரி.

அடுத்து செய்ததுதான் எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்யாத காரியம். நஷ்மிய்யாவின் வாப்பா தண்ணீர் ஏறாமல் இருக்கப் படகுகளுக்குக் கீல் என்கிற தார் பூசுகிறவர். அந்த வீட்டில் ஓட்டைப் பானைக்குக் கீல், பிய்ந்த செருப்புக்குக் கீல், சொத்தைப் பல்லுக்கும் கீல். வெறும் கீல் குளிரில் வெடிக்கும் என்று அதில் பேரீச்சம்பாகு கலந்து காய்ச்சுவது அவருடைய கைப்பழக்கம். கேஸ்கட்டுக்குப் பூசுகிற பசை கிடைக்காததால் மகளும் அதையே செய்தாள். ஏழு மாத வயிற்றோடு வெளிச் சார்ப்பில் உட்கார்ந்து காய்ச்சி, சட்டியோடு உள்ளே வந்து, அட்டையின் இரண்டு பக்கமும் பூசி, மிஜ்பில் மூடியை அழுத்திப் பிடிக்க, ஆறு போல்ட்டையும் முடுக்கினாள். கூரை ஒழுகுகிற இடத்தில் உட்கார்ந்துதான் மூடினார்கள். மழை உள்ளே போன வழி அதுதான்.

சிப்பாய்கள் அப்போது இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் இருந்தார்கள். ஊரில் பாதி வீடு காலி. மிஜ்பிலின் உம்மா கிழக்கே அடுத்த திட்டில் இருந்தாள், அவளையும் ஏற்றிக்கொண்டு எல்லையைத் தாண்டிவிட வேண்டும், அதற்கு முதலில் கால்வாய் திறந்திருக்கிறதா என்று பார்த்து வர வேண்டும். நானும் வருவேன் என்று நஷ்மிய்யா ஒற்றைக் காலில் நின்றாள். எஞ்சினின் கயிற்றை அவளே இழுத்தாள். கயிறு அசையவில்லை. உள்ளங்கை கிழியும்வரை இழுத்தாள், ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை. மிஜ்பில் சிரித்தான்.

"உன் கீலைக் குடிச்சிட்டு எஞ்சின் மப்புல படுத்துடுச்சுடி! விடு, நான் கழி போட்டுத் தள்ளிட்டுப் போறேன். அஸருக்குள்ள வந்துர்றேன். நீ இங்கயே கெட."

கட்டம் போட்ட தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு மழையில் போனான். பிற்பகல் தொழுகை நேரமான அஸர் வந்தது, அவன் வரவில்லை. அன்று எஞ்சின் போட்டுப் போன மூன்று படகுகளும் திரும்பவில்லை, கழி போட்டுப் போனவர்களில் சிலர் திரும்பினார்கள், மிஜ்பில் அந்தச் சிலரில் இல்லை. உடலும் கிடைக்கவில்லை.

ஊரைக் காலிசெய்து நடந்தபோது நஷ்மிய்யா தலையில் பாத்திரமோ பாயோ வைத்துக்கொள்ளவில்லை, அந்த எஞ்சினை வைத்துக்கொண்டாள். வழியில் ராதி பிறந்தான். ஏரிகள் வற்றி உப்புப் பாளமாக வெடித்துக் கிடந்த பதினோரு வருஷமும் அவர்கள் ஒரு காய்ந்த ஊரின் ஓரத்தில் ஒரே ஒரு செங்கல் அறையில் இருந்தார்கள். வீட்டுக்காரர் மழைச் சத்தம் கேட்டு மூன்று முறை கூரை ஏறிப் பார்த்தார், மூன்று முறையும் வானத்தைத் திட்டிக்கொண்டு இறங்கினார். குழந்தை அந்தச் சத்தத்தில்தான் தூங்கும். அறைக்கு வெளியே கொண்டுபோனால் அலறும். எஞ்சின் வருஷத்துக்கு வருஷம் கனத்தது. பெய்கிற மழை எங்கேதான் போகும்? ஜனங்கள் மண்வெட்டியோடு போய்க் கரைகளை உடைத்து, தண்ணீர் திரும்பி வந்து, நாங்களும் திரும்பி வந்த வருஷத்தில் அதை லாரியிலிருந்து இறக்க நாலு ஆள் தேவைப்பட்டது. அன்றிரவிலிருந்து அதற்குள் தவளையும் கத்தத் தொடங்கியது. பழைய இரும்பு வாங்குகிற ஒருவன் தராசில் வைத்தான். முள் நிற்காமல் ஏறிக்கொண்டே போவதைப் பார்த்து, இந்த வியாபாரம் நமக்கு ஒத்துவராது என்று தராசைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான்.

திறக்கிறேன் என்று வந்த மெக்கானிக்குகளுக்குக் குறைவில்லை. ஒருவன் ஸ்க்ரூ டிரைவரை மூடியின் இடுக்கில் வைத்தபோது நஷ்மிய்யா சோற்றுக் கரண்டியால் அவன் மணிக்கட்டில் போட்டாள். இது அவர் போன அன்னைக்குப் பெஞ்ச மழை, யாரும் தொடக்கூடாது என்பாள். அது பாதி உண்மை. மீதிப் பாதியை அவள் எருமைகளிடம் மட்டும் சொல்லியிருந்தாள். பால் கறக்கும்போது அவள் பேசுவதைக் கேட்காதவர் ஊரில் இல்லை என்பதால் எங்களுக்கும் தெரியும். தான் பூசிய கீல் உள்ளே இறங்கிப் பல்சக்கரத்தை இறுக்கிவிட்டது, எஞ்சின் மட்டும் ஓடியிருந்தால் அவன் தப்பி வந்திருப்பான், அவனைக் கொன்றது சிப்பாய் இல்லை, தன் கை. மூடியைத் திறந்தால் அந்தக் கீல் அங்கே உட்கார்ந்திருக்கும். அதைத் தன் கண்ணால் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. இந்தப் பாரத்தோடு ஒரு மனுஷி முப்பத்தோரு வருஷம் பால் கறந்து, பாலாடை எடுத்து, பிள்ளையை வளர்த்தாள்.

மறுபடியும் வறட்சி வந்தது. இந்தமுறை யாரும் கரை போடவில்லை, மேலே ஆறுகளில் தண்ணீர் குறைந்து தானாகவே போயிற்று. வாவி மேட்டைச் சுற்றி ஏரி நானூறு அடி பின்வாங்கியது. மிச்சத் தண்ணீர் உப்பு. உப்புத் தண்ணீர் குடித்து நஷ்மிய்யாவின் ஒன்பது எருமைகளில் ஒன்று செத்தது, இரண்டுக்குக் கண் போயிற்று. கஹ்லா என்கிற மூத்த எருமை காலையில் தண்ணீர்ப் பக்கம் போவதை விட்டுவிட்டு எஞ்சினுக்குப் பக்கத்தில் வந்து படுத்து, இரும்பை நக்க ஆரம்பித்தது. ராதிக்குப் பொறுமை போய்விட்டது. நகரத்தில் செங்கல் சூளையில் வேலை பேசிவிட்டு, அதற்கான காகிதங்களை ஒரு புது அட்டை ஃபைலில் அடுக்கிக்கொண்டு வந்து, எருமைகளை ஏற்றிப் போக லாரிக்கும் சொல்லிவிட்டான். இருபது நாள் கழித்து வியாழக்கிழமை லாரி வரும்.

"யம்மா, கஹ்லா இரும்ப நக்குறா. அவளுக்குத் தெரியுது உள்ள நல்ல தண்ணி இருக்குன்னு. ஒனக்குத் தெரியலயா? ஒண்ணு அதத் தெற, இல்ல எல்லாத்தயும் வித்துட்டுக் கெளம்பு."

நஷ்மிய்யா கஹ்லாவின் நாக்கு வெடித்துச் சிவந்திருப்பதைப் பார்த்தாள். தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேரே ஸிபாலாவிடம் போனாள்.

ஸிபாலா என்றால் குப்பை. எங்களில் முதல் பிள்ளைகள் தங்காமல் போனால் அடுத்த பிள்ளைக்குக் குப்பை, நாய்க்குட்டி, கழுதைக்குட்டி என்று பெயர் வைத்துவிடுவோம், உயிரெடுக்க வருகிற மலக்கு பெயரைக் கேட்டுவிட்டு முகம் சுளித்துக்கொண்டு திரும்பிப் போய்விடட்டும் என்று. ஸிபாலாவை அப்படித் தாண்டிப் போன மலக்கு அவன் குணத்தைக் கொஞ்சம் இனிப்பாக்கிவிட்டுப் போயிருக்கலாம். ஐம்பது வயதிலும் மனுஷர்களிடம் சிடுசிடுப்பான், எஞ்சின்களிடம் மட்டும் கொஞ்சுவான். ஆனால் ஒட்டிப்போன பழைய கேஸ்கட்டை எடுப்பதில் அவனை அடிக்க ஆள் கிடையாது. எஞ்சின்களில் மூடி உட்காருகிற விளிம்பு அலுமினியம், அதன் மேல் அவன் இரும்பு எதையும் வைக்க மாட்டான். வாலிபத்தில் ஒருமுறை அவசரப்பட்டுத் தன் அண்ணனின் எஞ்சினில் பழைய கேஸ்கட்டை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினான். முடி அளவுக்கு ஒரு கீறல் விழுந்தது. அந்தக் கீறல் வழியாக எண்ணெய் ஒழுகி, எஞ்சின் அண்ணன் கட்டிக்கொள்ள இருந்த கல்யாணப் பெண்ணோடும் மத்தளத்தோடும் நடு ஏரியில் நின்றுபோனது. நாலு மணி நேரத்தில் பெண்ணுக்கு யோசிக்க நேரம் கிடைத்துவிட்டது. வீட்டுக்குத் திரும்பிப் போகிறேன் என்றாள், போயும் விட்டாள். அண்ணன் இன்றுவரை அவனிடம் பேசுவதில்லை. அதிலிருந்து ஸிபாலா நாணலை மட்டுமே பயன்படுத்துகிறான். பச்சை நாணலைப் பிளந்து, நிழலில் காயவைத்து, ஓரத்தைச் சீவினால் அது காகிதத்தை வெட்டும், அலுமினியத்திடம் தோற்றுப்போகும். தோற்கிற கத்திதான் அவனுக்கு வேண்டும்.

"தம்பி, அத எடுத்துக் குடு" என்றாள் நஷ்மிய்யா.

"எத?"

"எதுன்னு தெரியாதா ஒனக்கு?"

ஸிபாலா கையைத் துடைத்தான். "கரண்டி கொண்டாந்திருக்கியாக்கா? இப்பவே சொல்லிரு, கையைத் தள்ளி வச்சுக்குறேன்."

அவள் சிரிக்கவில்லை. "என்ன போட்டு ஒட்டுன?" என்று கேட்டான். கீலும் பேரீச்சம்பாகும் என்றாள். ஸிபாலா நெற்றியில் அடித்துக்கொண்டான். "யா அல்லாஹ்! ஒங்க வாப்பாவ அடக்கம் பண்ணப்ப கஃபன் துணிக்குப் பதிலா கீல்ல சுத்தியிருப்பீங்க. சரி, தூக்கிட்டு வாங்க."

எஞ்சினைத் தூக்க ஏழு பேர் போனோம், முடியவில்லை. கடைசியில் ஸிபாலாதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தான். போல்ட்டுகள் ஆறும் கழன்றன, மூடி அசையவில்லை. கீல் பெட்ரோலில் கரையும், தண்ணீரில் கரையாது. பாகு வெந்நீரில் கரையும், பெட்ரோலைச் சட்டை செய்யாது. இரண்டையும் சேர்த்துக் காய்ச்சி, முப்பத்தோரு கோடையில் வெயில் சுட்டு இறுகிய அந்தச் சனியன் இரண்டையும் சட்டை செய்யவில்லை. ஸிபாலா ஒருநாள் பெட்ரோலில் நனைத்த துணியை விளிம்பு முழுக்கச் சுற்றி வைத்தான், மறுநாள் வெந்நீர்த் துணி. முதல் நாள் கீலில் ஒரு இழை இளகும், மறுநாள் பாகில் ஒரு இழை. இளகிய அந்த ஓர் இழையை நாணலால் தள்ளி எடுப்பான். ஒரு சாண் போவதற்குள் நாணல் மழுங்கிவிடும், தூக்கிப்போட்டு அடுத்தது. ஒரு நாளைக்கு நாற்பது நாணல். நல்ல பச்சை நாணல் அந்த வறட்சியில் கிடைக்காமல், விடியற்காலையில் எங்கெங்கோ அலைந்து தோளில் சுமந்து வந்தான். கூலியைப் பற்றி இருவரும் பேசவே இல்லை.

பன்னிரண்டாம் நாள் ராதி ஒரு இரும்புப் பிளேடோடு வந்தான்.

"மாமா, ரெண்டு நிமிஷ வேலை. நகருங்க."

"ரெண்டு நிமிஷத்துல உங்கம்மா மூஞ்சியயும் இதால சொரண்டிப் பாக்குறியா?" ஸிபாலா தலையை நிமிர்த்தவே இல்லை. "கீறல் விழுந்தா அப்புறம் இந்த மூடி என்னைக்கும் மூடாது. அடுத்தது எது உள்ள போனாலும் நிக்காது. போடா, போய் வெந்நி போடு."

ராதி முணுமுணுத்துக்கொண்டே போய் வெந்நீர் போட்டான். அதற்குப் பிறகு தினமும் அவன்தான் போட்டான். நஷ்மிய்யா முதல் வாரம் முழுக்கத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். பிறகு பக்கவாட்டில் உட்கார்ந்தாள். பதினைந்தாம் நாள் எதிரே உட்கார்ந்து, மழுங்கிய நாணல்களை வாங்கி வாங்கி அடுப்பில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு நாணலிலும் ஒட்டியிருக்கிற கீலை அவள் உற்றுப் பார்ப்பதை ஸிபாலா கவனித்தான், பார்க்காததுபோல் எஞ்சினைத் திட்டினான்.

பத்தொன்பதாம் நாள் புதன்கிழமை. மறுநாள் லாரி. காலை வெயிலில் ஸிபாலா கடைசி மூலையில் நாணலைச் செருகியபோது பாகு உடையும் சின்னச் சத்தம் கேட்டது. கேஸ்கட் விளிம்பிலிருந்து கிழியாமல், ஒரே வளையமாக, எண்ணெயில் ஊறிய நீல நிறத்தோடு எழுந்து வந்தது. மூடி அவன் கையில் இருந்தது. எஞ்சினுக்குள் மழை ஒரு மூச்சு நேரம் நின்றது. முப்பத்தோரு வருஷத்தில் முதல்முறையாக அந்த வீடு அமைதியாக இருந்தது. கஹ்லா தலையைத் தூக்கியது.

நஷ்மிய்யா கண்ணை மூடிக்கொண்டாள். "சொல்லு தம்பி. கீல் எவ்வளவு எறங்கியிருக்கு?"

ஸிபாலா குனிந்து பார்த்தான். நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தான்.

"கீல் எறங்கல."

"பொய் சொல்லாத."

"நான் எதுக்குப் பொய் சொல்லணும்? விளிம்போட நின்னுருக்கு. ஒரு சொட்டு உள்ள போகல. நான் போட்டிருந்தாக்கூட இவ்வளவு சுத்தமா போட்டிருக்க மாட்டேன். கண்ணத் தெறந்து பாருக்கா. இங்க வேற என்னமோ இருக்கு."

உள்ளே பல்சக்கரம் புதிதாக மின்னியது. அதன் பற்களுக்கு நடுவே, அச்சோடு சேர்த்து, கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட ஒரு துணிக் கீற்று இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. படகைக் கம்பத்தில் கட்டுகிற முடிச்சு. ஆனால் எல்லோரும் வலப்பக்கம் சுற்றுகிற முடிச்சை இது இடப்பக்கம் சுற்றியிருந்தது. வாவி மேட்டில் இடக்கையால் படகு கட்டியவன் மிஜ்பில் ஒருவன்தான். அவனுக்குப் பிறகு ராதி. இடக்கையால் சாப்பிடுகிறான் என்று நஷ்மிய்யா அவனை அடித்த அடி கொஞ்சமல்ல.

அவள் சார்ப்பில் உட்கார்ந்து கீல் காய்ச்சிக்கொண்டிருந்தபோது, அவன் தலைத்துணியின் ஓரத்தைக் கிழித்து எஞ்சினைக் கட்டிப்போட்டிருக்கிறான், அவள் உள்ளே வந்தபோது மூடியைக் கையிலேயே பிடித்து மறைத்திருக்கிறான். எஞ்சின் சத்தம் கேட்டால் சிப்பாய்கள் சுடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். எஞ்சின் ஓடினால் இவள் ஏழு மாத வயிற்றோடு ஏறி உட்கார்ந்துகொள்வாள், இறக்க முடியாது என்பதும் தெரியும். சொன்னால் கேட்க மாட்டாள். கட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே பழியைக் கீலின் மேல் போட்டுவிட்டுக் கழியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அஸருக்குள் வந்து முடிச்சை அவிழ்த்துவிடலாம் என்று நினைத்திருப்பான், பாவம். அவன் போட்ட கணக்கில் தப்பு ஒன்றுதான், திரும்பி வராமல் போனது.

"அக்கா" என்றான் ஸிபாலா. அவன் குரல் அப்படி இருந்து நாங்கள் கேட்டதில்லை. "ஒன் கீல் யாரயும் கொல்லல. இது ஓடியிருந்தா நீயும் இல்ல, இவனும் இல்ல."

நஷ்மிய்யா எஞ்சினைப் பார்த்து, ஊர் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "அடப்பாவி! சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல? கட்டிப்போட்டிருக்கேன்டின்னு ஒரு வார்த்த! முப்பத்தோரு வருஷம்டா! ஒவ்வொரு நாளும் இந்தக் கையப் பாத்துப் பாத்து... கீலக் குடிச்சிட்டுதாம், மப்புல படுத்துடுச்சாம், சிரிப்பு வேற! வந்தேன்னு வையி, அந்தக் கழியாலயே ஒன் முதுகப் பிளக்குறேன் பாரு!" திட்டித் திட்டி, நடுவில் எப்போது அழுகை தொடங்கியது என்று தெரியவில்லை. உள்ளங்கையில் பழைய கயிற்றுத் தழும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பிறகு அந்தக் கையை முத்தமிட்டாள். கணவன் போன அன்றைக்கும் அவள் இப்படி அழுததில்லை என்று அப்போது இருந்தவர்கள் சொன்னார்கள். ராதி முடிச்சை வெட்டவிடவில்லை. தானே இடக்கையால் அவிழ்த்தான். இழுக்க வேண்டிய முனை எதுவென்று அவன் கைக்கே தெரிந்திருந்தது. வாப்பாவை அவன் தொட்டது அந்த ஒருமுறைதான்.

துணி வெளியே வந்தவுடன் பல்சக்கரம் அரைச் சுற்று சுற்றியது, மழை வெளியே வந்தது. சோற்றுப்பானையிலிருந்து ஆவி எழுவதுபோல முதலில் மேலே போயிற்று. கூரைக்கு மேல் ஒரு பாயளவு மேகமாக நின்றது. பிறகு வீட்டளவு ஆனது, பிறகு விழுந்தது. நஷ்மிய்யாவின் வீட்டிலும் மாட்டுத் தொழுவத்திலும் அதைச் சுற்றிய பள்ளத்திலும் விழுந்தது, வேறெங்கும் இல்லை. பத்தடி தள்ளிப் பக்கத்து வீட்டில் ரொட்டி அடுப்பு எப்போதும்போல் புகைந்துகொண்டிருந்தது. கண் போன எருமைகள் இரண்டும் வாயைத் திறந்துகொண்டு நின்றன. மறுநாள் காலை லாரி வந்தபோது டிரைவர் காய்ந்த பக்கத்தில் நின்றான், ராதி நனைகிற பக்கத்தில் நின்றான்.

"ஏத்தணுமா வேணாமா?"

"மாடு குளிச்சிட்டிருக்கு. பாத்தா தெரியல?"

"அப்ப டீசல் காசு?"

டீசல் காசும் ஒரு கேன் மழைத் தண்ணீரும் வாங்கிக்கொண்டு டிரைவர் போனான். அந்தத் தண்ணீரை அவன் இன்னும் வைத்திருப்பதாகக் கேள்வி. மழை ஒன்பது நாள் பெய்தது. அதற்குள் திட்டைச் சுற்றியிருந்த பள்ளத்தில் எருமையின் கழுத்தளவு நல்ல தண்ணீர் நின்றது, உப்பு இல்லாத, முப்பத்தோரு வருஷத்துக்கு முந்தின ருசியுள்ள தண்ணீர். பழைய ஆட்கள் ஒரு வாய் குடித்துவிட்டு, ஆமாம் இப்படித்தான் இருந்தது என்றார்கள். குடத்தோடு வந்த யாருக்கும் நஷ்மிய்யா இல்லை என்று சொல்லவில்லை.

ஸிபாலா மூடியின் விளிம்பையும் எஞ்சினின் விளிம்பையும் துடைத்து, விரல் நுனியால் சுற்றிலும் தடவிப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை. ஒரே ஒரு இடத்தில் பட்டாளப் புத்தகத்தின் அட்டையிலிருந்து மிஜ்பிலின் பெயர் அலுமினியத்தில் மங்கலாக ஒட்டியிருந்தது. அதை மட்டும் அவன் எடுக்கவில்லை. அவன் ஒரு வேலையைப் பாதியில் விட்டது அதுதான் முதல்முறை. புதுக் கேஸ்கட்டுக்கு அட்டை வேண்டும் என்றான். ராதி உள்ளே போய்ச் செங்கல் சூளைக் காகிதங்களை உதறிக் கொட்டிவிட்டு, அந்த ஃபைலைக் கொண்டுவந்து கொடுத்தான். நஷ்மிய்யா கரண்டியின் முதுகால் தட்டித் தடம் எடுத்து வெட்டினாள். வெட்டி முடித்து, ஓரக்கண்ணால் கீல் சட்டியைப் பார்த்தாள்.

"வேணாம்" என்றான் ஸிபாலா. "இப்பல்லாம் டியூப்ல பசை வருது."

அவள் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸிபாலா பெருமூச்சு விட்டு டியூபைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். சட்டியை அவள் பக்கம் நகர்த்தினான். "மெல்லிசா பூசு. பத்து வருஷம் கழிச்சு மறுபடி நான்தான் நாணலத் தூக்கிட்டு வரணும்."

மழை வெளியேறிப் பழையபடி மடியில் வைக்கிற கனத்துக்கு வந்துவிட்ட எஞ்சின், படகில் மாட்டியதும் இரண்டாவது இழுப்பில் ஓடியது. நஷ்மிய்யா படகில் ஏறி, கிழக்கே அவன் போன கால்வாய் வழியாக, யாரையும் கூப்பிடாமல் போனாள். நானும் வருவேன் என்று அன்றைக்குச் சொன்னதை முப்பத்தோரு வருஷம் கழித்துச் செய்தாள். ஏரியின் மறுகோடி வரைக்கும் எஞ்சின் சத்தமும் அவள் அவனைத் திட்டுகிற சத்தமும் கேட்டது, சுடுவதற்கு யாரும் இல்லை. கால்வாய் எங்கே மண்மேடாகி முடிகிறதோ அங்கே அந்தத் துணிக் கீற்றை ஒரு நாணலில் இடப்பக்கமாகச் சுற்றிக் கட்டிவிட்டு, அஸருக்குள் வீடு திரும்பினாள்.

மழையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது போலும், அது அவளோடு போய் அவளோடு வந்தது. இப்போதும் அவள் எருமைகளுக்கு நாணல் அறுக்கக் கிளம்பினால் அவள் படகின் மேல் மட்டும், ஒரு பாயளவுக்கு, பெய்துகொண்டே போகும். போகிற வழியில் கரையெல்லாம் பச்சை வைத்திருக்கிறது. ஸிபாலா தன் கத்திகளுக்கு நாணல் அங்கேதான் எடுக்கிறான். தூரத்தில் காய்ந்த ஏரியின் மேல் ஒரு சின்ன மழை நகர்ந்து வருவதைப் பார்த்தால் நாங்கள் பானைகளை வாசலில் எடுத்து வைத்துவிட்டு, மீன் என்ன விலை போயிற்று என்று பேசிக்கொண்டிருப்போம்.